காட்டக்கூடாத படங்களோடு ஒரு பரீட்சை

போன வாரம், படம் எடுக்கிற உங்களில் ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். ஒரு கல்யாணப் பெண்ணின் படம் அழகாக வந்திருக்கிறதே என்ற ஆசையில், கேட்காமல் கொள்ளாமல், ஊரே பார்க்கிற மாதிரி போனில் போட்டுவிட்டாராம். பெண்ணின் அண்ணன் கடைக்கு வந்து கத்தித் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறான். "நான் எடுத்த படம்தானேக்கா, அத நான் காட்டக் கூடாதா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். காபி கொடுத்து அனுப்பி வைத்தேன். பதில் சொல்லவில்லை. என்னிடம் இருக்கிற பதில் கொஞ்சம் நீளமானது, காபி ஆறிப்போகும். அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

லென்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் இந்தக் கிழவி ஏதோ சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவது எனக்குச் சர்டிபிகேட் கிடைத்த கதை.

எண்பதுகளின் நடுவில் நாகல் நகரில் என் அண்ணன் ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது, நெகட்டிவில் பென்சிலை வைத்து முகப்பருவையும் தழும்பையும் மறைக்கிற டச்சிங் வேலை, எல்லாம் என் தலையில்தான். பிறகு பெண்களையும் குழந்தைகளையும் நானே உட்கார வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தேன். அண்ணன் கேமராவுக்குப் பின்னால் நின்றால் விறைத்துப்போகிற பெண்கள், நான் நின்றால் கொண்டையைச் சரிசெய்துகொண்டே சிரிப்பார்கள். ஆனால் பிரிண்டின் முதுகில் விழுகிற ரப்பர் ஸ்டாம்பு அண்ணன் பெயரில்தான் இருந்தது. கடை அவருடையது, அதில் தப்பு ஒன்றும் இல்லை.

எனக்கென்று ஒரு கடை வேண்டும் என்று ஆசை வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. பெண்களும் பிள்ளைகளும் கூசாமல் வந்து உட்காருகிற மாதிரி ஒரு அறை, ஒரு இருட்டறை, வாசலில் என் பெயர். ஆசை என்று சாதாரணமாகச் சொல்கிறேன். அந்த வயதில் அது எனக்குப் பசி மாதிரி இருந்தது. பேங்க்கில் போய்க் கடன் கேட்டேன். மேனேஜர் நல்லவர்தான். "வேலை தெரியும்னு நீங்க சொல்றீங்க. நான் எதை வச்சும்மா மேல எழுதறது? ஏதாவது சர்டிபிகேட் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

அப்போது மெட்ராஸில் தொழில்முறைப் படக்காரர்களின் சங்கம் ஒன்று, கல்யாணப் படத்துக்கும் உருவப்படத்துக்கும் சேர்த்துப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது. எழுத்துப் பரீட்சை கிடையாது. ஸ்டுடியோவில் எடுத்த உருவப்படங்கள் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும். அதோடு, நீயே எடுத்த ஒரு கல்யாணத்தின் படங்கள். மூன்று பரீட்சகர்கள் முன்னால் உட்கார்ந்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். தென்பக்கத்துக்காரர்களுக்கு மதுரையில் நடக்கும்.

உருவப்படங்கள் என்னிடம் அடுக்கடுக்காக இருந்தன. கல்யாணத்துக்கு எங்கே போவது? அண்ணன் தங்கமான மனிதர், ஆனால் கல்யாண வேலைக்கு என்னைக் கூட்டிப்போனதே இல்லை. "மேடையில ஏறி அத்தன பேரையும் இடிச்சுத் தள்ளிட்டு நிக்கணும் புள்ள. உனக்கு எதுக்கு அந்தப் பாடு?" என்பார். நானாக எடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு கல்யாணம்தான் இருந்தது. அதில்தான் சிக்கலும் இருந்தது.

அந்தக் கல்யாணம் பேகம்பூரில் ஒரு தோல் வியாபாரி வீட்டில் நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் சபுரா பீவி அம்மாதான் என்னைத் தேடி ஸ்டுடியோவுக்கு வந்தவர். நல்ல உயரம், கணீரென்ற குரல், வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று, "பொம்பளப் புள்ள ஒண்ணு படம் எடுக்குதாமே, அது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றதும் மேலும் கீழும் பார்த்தார்.

அவர்கள் வழக்கம் என்னவென்றால், ஆண்கள் சபையில் நிக்கா முடிந்த சேதி வந்ததும், பெண்கள் இருக்கிற உள்வீட்டில் மாப்பிள்ளையின் அம்மாவோ அக்காவோ பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்டுவார்கள். மாப்பிள்ளை அங்கே இருக்க மாட்டார். எந்த ஆணும் இருக்க மாட்டார்கள்.

"நான் கட்டுறத எம்மகன் பாக்க முடியாது தாயி. படத்துலயாச்சும் பாக்கட்டும்" என்றார் சபுரா அம்மா. "ஆனா ஒண்ணு. பொண்ணு மொகத்த வேத்து ஆம்பள யாரும் பாக்கக் கூடாது. கழுவுறதும் நீதான், பிரிண்டு போடுறதும் நீதான். வேல முடிஞ்சதும் பிலிம எங்கிட்டக் குடுத்துறணும். சம்மதமா?"

"சம்மதம்மா" என்றேன். சொல்வதற்கு எவ்வளவு லேசாக இருந்தது!

கல்யாணத்தன்று அண்ணனுக்கு வத்தலக்குண்டில் வேலை. நல்ல பிளாஷை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு மிஞ்சியது ஒரு பழைய பிளாஷும், மேலிருந்து குனிந்து பார்க்கிற ஒரு பெட்டிக் கேமராவும். காலையில் பெண்ணுக்குப் பூ வைப்பது, மருதாணிக் கைகள் என்று நாலைந்து படம் எடுத்தேன். பிளாஷ் ஒவ்வொரு முறையும் முனகிக்கொண்டுதான் எரிந்தது. நிக்கா முடிந்துவிட்டது என்று சேதி வந்ததே, அந்த நேரம் பார்த்து ஒரேயடியாக உயிரை விட்டுவிட்டது. தட்டிப் பார்த்தேன், பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். ஊஹூம்.

தெருவில் பந்தலுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்ததால் கூடத்து ஜன்னல்களையெல்லாம் இறுக மூடி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு குண்டு பல்பு. அதை வைத்துப் படம் எடுத்தால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தேடத்தான் வேண்டும். சபுரா அம்மா கருகமணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் பெண்கள். எல்லார் கண்ணும் என் மேல். ஜன்னலைத் திறக்கச் சொல்வதா? நடக்காது. படம் வராதும்மா, மன்னிச்சிருங்க என்பதா? படத்தில் பார்க்கலாம் என்று அந்தம்மா தன் மகனுக்குச் சொல்லியிருப்பாரே.

கூடத்தைத் தாண்டி ஒரு முற்றம் இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "அம்மா, பொண்ண முத்தத்துக்குக் கூட்டியாரலாமா?" என்றேன்.

"முத்தத்துக்கா? பக்கத்து மாடியில சமையல்காரனுக நிக்கிறானுகளே, தெரியாதா?" என்று ஒரு பெண் சண்டைக்கே வந்துவிட்டாள்.

சபுரா அம்மா ஒரு கணம் மேலே பார்த்தார். அப்புறம் திரும்பி, "ஏட்டி, துப்பட்டிகளக் கொண்டாங்கடி" என்றார்.

கல்யாணத்துக்கு வந்த பெண்கள் போர்த்திக்கொண்டு வந்த துப்பட்டிகள் கட்டிலில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தன. பெஞ்சிலும் கவிழ்த்துப் போட்ட அண்டாவிலும் ஏறி நின்று நாலு பேர் மேலே விரித்துப் பிடித்தார்கள். மற்றவர்கள் பக்கவாட்டில் பிடித்தார்கள். மாடியிலிருந்து யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் பிடித்தார்கள். ஆனால் நான் உள்ளே நுழைந்து பார்த்தேன். அவ்வளவு கொடூரமான வெயில், அந்தத் துணி வழியாக வடிந்து, பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கமும் நிழல் இல்லை. பெண்ணின் முகத்தில் ஒரு இடத்தில்கூட வெளிச்சம் உறுத்தவில்லை. இன்றைக்கு நீங்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெட்டியும் குடையுமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்களே, அந்த வெளிச்சம்.

சிறுமலைப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. "சீக்கிரம் எடு தாயி, கை கடுக்குது" என்று அண்டாவின் மேல் நின்றவள் கத்தினாள். சபுரா அம்மா குனிந்து கருகமணியைப் பெண்ணின் கழுத்தில் வைத்தார். அவ்வளவு அதிகாரமான மனுஷி, ஆனால் முடிச்சு விழவில்லை. ஒருமுறை நழுவியது, இன்னொரு முறையும் நழுவியது. அப்போது மணப்பெண் ஜமீலா குனிந்த தலை நிமிராமல் கையை மட்டும் பின்னால் கொண்டுபோய் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தாள். மாமியார் கட்டி முடித்தார், கையை இன்னும் எடுக்கவில்லை. ஜமீலா மெதுவாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நான் அழுத்தினேன்.

அதற்குப் பிறகு என் தொழிலில் எத்தனையோ கல்யாணம் பார்த்துவிட்டேன். அந்த ஒரு படத்துக்கு ஈடாக இன்னொன்று எனக்கு அமையவே இல்லை. அமைந்தது என்று சொன்னால் பொய்.

ஸ்டுடியோவில் நானே கழுவினேன், நானே பிரிண்ட் போட்டேன். அண்ணன் இருட்டறைக் கதவைத் தட்டி, "எங்க காட்டு, எப்படி வந்திருக்குன்னு பாப்போம்" என்றார்.

"காட்டக் கூடாதுண்ணே."

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் அவரே வந்து, "பேச்சுன்னா பேச்சுதான், போ" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். படங்களையும் நெகட்டிவையும் சபுரா அம்மாவிடம் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா என் சிக்கல்? நான் எடுத்த ஒரே கல்யாணம் அது. பரீட்சகர்கள் மூன்று பேரும் ஆண்கள்.

அண்ணன் சுலபமான வழி ஒன்று சொன்னார். "நான் எடுத்ததுல ஒரு கல்யாணத்த எடுத்துட்டுப் போ புள்ள. எல்லாம் நீ கழுவுனதுதானே? யாரு கேக்கப் போறா?" பாசத்தில்தான் சொன்னார். நானும் இரண்டு ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். நல்ல படங்கள். ஆனால் ஒவ்வொன்றிலும் எடுத்தவன் எங்கே நின்றான், யாரை ஒதுங்கச் சொன்னான், ஏன் அந்த நேரத்தில் அழுத்தினான் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு பேகம்பூருக்கு நடந்தேன்.

சபுரா அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். கடை, கடன், பரீட்சை எல்லாம். "பரீட்ச வைக்கிறவுகள்ல பொம்பள யாரும் உண்டா?" என்றார்.

"இல்லம்மா."

"அப்ப எங்கிட்டக் கேட்டு என்ன பண்றது? மொகம் அவ மொகம், அவ சொல்லட்டும்" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

ஜமீலா சுவரில் சாய்ந்து நின்று யோசித்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்திருப்பேன். அவள் சொன்னது இதுதான்: "கை தெரியிற மாதிரி இருக்கறதெல்லாம் கொண்டுபோங்கக்கா. மொகம் தெரியிறது பொம்பளைங்க மட்டும் பாக்கலாம்."

"பாக்கத்தான் அங்க பொம்பள யாரும் இல்லயேம்மா" என்றேன்.

சபுரா அம்மா சிரித்தார். "அம்புட்டுப் பெரிய மதுரையில ஒரு பொம்பளகூடவா இருக்க மாட்டா? எடுத்துட்டுப் போ." பீரோவைத் திறந்து நெகட்டிவை எடுத்துக் கொடுத்தார்.

கருகமணி கட்டுகிற படத்தில் கைகளை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டேன். மருதாணி விரல்கள். துப்பட்டியை உயர்த்திப் பிடித்த கைகள், பின்பக்கத்திலிருந்து. உள்வீட்டு நிலைப்படிக்கு வெளியே கிடந்த செருப்புகள். இப்படி ஒரு தொகுப்பு. முகம் தெரிகிற படங்களைத் தனியாக ஒரு கவரில் போட்டு ஒட்டி, பையின் அடியில் வைத்தேன். நெகட்டிவை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

பரீட்சை நடந்தது பரீட்சகர்களில் ஒருவருடைய ஸ்டுடியோவில். கீழே கடை, மாடியில் வீடு. அவர் மதுரைக்காரர், வெற்றிலை போட்ட வாய், கலகலப்பான மனிதர். இன்னொருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். மூன்றாமவர் சங்கத்திலிருந்து வந்த மெட்ராஸ்காரர், டை கட்டியிருந்தார், சிரிக்கவே இல்லை.

உருவப்படங்களை நன்றாகவே பார்த்தார்கள். ஒரு குழந்தையின் படத்தை வைத்து நிறையக் கேள்வி கேட்டார்கள், சொன்னேன். மெட்ராஸ்காரர்கூடத் தலையை ஆட்டினார். அப்புறம் கல்யாணத் தொகுப்பை மேசையில் பரப்பினேன்.

கோயம்புத்தூர்க்காரர் கருகமணி முடிச்சுப் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த வெளிச்சம் எப்படீங்க வந்துது? எந்தப் பக்கமிருந்து லைட்டு வச்சீங்க?" என்றார். துப்பட்டிக் கதையைச் சொன்னேன். மதுரைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மெட்ராஸ்காரர் சிரிக்கவில்லை. "எல்லாம் சரிம்மா. முகம் எங்கே? உருவப்படத்துக்குச் சான்றிதழ் கேட்டு வந்திருக்கீங்க. ஒரு கல்யாணம் பூரா எடுத்து, பொண்ணு முகம் ஒண்ணுகூட இல்லையே?"

"இருக்கு சார். பையில இருக்கு. உங்களுக்குக் காட்ட முடியாது."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு திமிராகக் காதில் விழும் என்று உறைத்தது. அவசர அவசரமாக விளக்கினேன். மூவரும் பொறுமையாகத்தான் கேட்டார்கள்.

"ஏனுங்க, நாங்க வெளிய ஆரு கிட்டயும் சொல்லப் போறதில்லீங்களே" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"பரீட்சகர்னா டாக்டர் மாதிரின்னு வச்சுக்கோங்க" என்றார் மெட்ராஸ்காரர். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "டாக்டர்கிட்ட மறைப்பாங்களா? கைகளை வச்சு நான் எப்படி மார்க் போடறது? முகத்துல ஷார்ப்பா இருக்கா, கண்ணுல உயிர் இருக்கான்னு பாக்காம கையெழுத்துப் போட்டா அது நான் பண்ற தப்பு. காட்டுங்க, பாஸ் பண்ணிட்டுப் போங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் வேற கல்யாணம் எடுத்துட்டு வாங்க."

அவர் சொன்னதில் என்ன குற்றம்? ஒன்றும் இல்லை. நியாயமான மனிதர். அடுத்த வருஷம் எனக்கு யார் கல்யாணம் கொடுப்பார்கள்? பை என் மடியில் இருந்தது. கவரைப் பிரிக்க ஒரு நொடி போதும். பேகம்பூருக்கு இது தெரியவே போவதில்லை. நல்ல மனிதர்கள் மூன்று பேர், ஒரு நிமிஷம் பார்ப்பார்கள், திருப்பித் தந்துவிடுவார்கள். என் கடை எனக்குக் கிடைத்துவிடும். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் எதிரில் அழுதுவிடக் கூடாது என்று நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டேன்.

தம்பிகளா, தங்கச்சிகளா, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். தப்பான ஆள் வந்து தப்பான காரியத்தைக் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லிவிடலாம். நல்ல ஆள் நியாயமாகக் கேட்கும்போதுதான் நாக்குப் புரளாது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஜமீலா சுவரில் சாய்ந்து நின்று யோசித்துத்தானே சொன்னாள். பயந்து சொல்லவில்லை, மாமியாருக்காகச் சொல்லவில்லை. தன் முகத்தை யார் பார்க்கலாம் என்று அவளாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். அதை நான் எப்படி அழிப்பேன்?

மாடியில் தாளிக்கிற சத்தம் கேட்டது. யாரோ உரக்க, "மணி என்னாச்சு, சாப்பிட வாரீகளா இல்லையா?" என்று கத்தினார்கள். பெண் குரல்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சார், ஒண்ணு சொல்லட்டுமா? அவங்க நிக்காவுல பொண்ணு சபைக்கு வர மாட்டா. பொண்ணு சார்பா வக்கீல்னு ஒருத்தர் உள்ள போய், சாட்சிய வச்சுக்கிட்டு, சம்மதமான்னு கேட்டுட்டு வந்து சபையில சொல்வாரு. அவர் வார்த்தைய நம்பித்தான் அத்தன பேரும் உக்காந்து நிக்காவ நடத்துறாங்க. நீங்களும் உங்க சார்பா ஒருத்தர அனுப்புங்க சார். பொம்பள ஆளா அனுப்புங்க. நான் அவங்களுக்கு எல்லாத்தையும் காட்டுறேன்."

மெட்ராஸ்காரர் கண்ணாடியைக் கழற்றினார். மதுரைக்காரர் ஒரு நொடி என்னையே பார்த்தார். அப்புறம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு மாடிப்படியின் கீழே போய் நின்று குரல் கொடுத்தார்: "ஏய், அடுப்ப அணச்சுட்டுச் செத்த நேரம் கீழ வா!"

இறங்கி வந்த அம்மா குட்டையாக, பருமனாக, வேர்த்து விறுவிறுத்து இருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா இம்புட்டு நேரமா மூணு பேரும் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக? வா புள்ள" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே டச்சிங் மேசை இருந்தது. அவர் யோசிக்காமல் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். கை தானாக விளக்குச் சுவிட்சுக்குப் போனது, இன்னொரு கை பூதக்கண்ணாடிக்குப் போனது. அந்த ஸ்டுடியோவில் டச்சிங் பண்ணுவது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் நடுவிரலிலும் என்னுடையதைப் போலவே பென்சில் பிடித்த காய்ப்பு இருந்தது.

ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பாராட்டவெல்லாம் இல்லை. "இதுல சேல வெளுத்துக் கெடக்கு. பிரிண்டு போடயில அந்த எடத்துக்கு இன்னும் கொஞ்சம் லைட்டக் குடுத்துக் கருக்கியிருக்கணும்ல? அவசரமா?" என்று ஒரு குட்டு வைத்தார். கடைசியாகக் கருகமணிப் படம். அதைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த மாமியா அழுகுறாளா, சிரிக்கிறாளா?"

"ரெண்டும்தாம்மா."

"இதுக்கு அடுத்தாப்ல ஒண்ணு எடுத்திருப்பியே?"

"இல்லம்மா. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்ப எடுக்கத் தோணல."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படங்களை அடுக்கிக் கவருக்குள் போட்டு, அவரே மடித்து என் பையில் வைத்தார்.

வெளியே வந்ததும் மெட்ராஸ்காரர் விடாமல் கேட்டார். முகத்தில் ஷார்ப் எப்படி? கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருக்கிறதா? கூந்தல் பின்னால் இருக்கிற இருட்டோடு ஒட்டிக்கொண்டதா? அந்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பதில் சொன்னார். "இம எல்லாம் தனித்தனியாத் தெரியுது. நெழலே கெடையாது. ஒரு படத்துல சேல வெளுத்துப்போச்சு, அதுக்கு மார்க்கக் கொறைங்க."

"மத்ததுக்கு?"

"மத்ததுக்கு எத்தன மார்க்குன்னு நீங்களே போட்டுக்கங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நம்ம மக கல்யாணத்துக்கு நான் இந்தப் புள்ளையத்தான் கூப்புடப் போறேன்."

மதுரைக்காரர் பதறிப்போனார். "ஏய், அப்ப நான்?"

"நீங்க பொண்ணப் பெத்தவரு. அன்னைக்கு ஒரு நாளாச்சும் கேமராவக் கழட்டி வச்சுட்டு மேடையில நில்லுங்க."

கோயம்புத்தூர்க்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மெட்ராஸ்காரரும் சிரித்தார், நான் கண்ணால் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அடுத்து கோயம்புத்தூர்க்காரர் போட்டார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. இந்த முறை அடக்கவில்லை, யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

தாள் மதுரைக்காரரிடம் வந்தது. மூன்றாவது கோட்டுக்குக் கீழே அவர் பெயர் டைப் அடித்திருந்தது. அவர் பேனாவை வைத்தார், எடுத்தார்.

"படங்களப் பாத்தேன்னுதான இதுல எழுதியிருக்கு? நான் பாக்கலையே" என்றார். தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பேனாவை மனைவியிடம் நீட்டினார். "பாத்தது நீ. நீ போடு."

"சங்கத்துல கேள்வி கேப்பாங்களே?" என்றார் மெட்ராஸ்காரர்.

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் சார்."

பிறகு சங்கம் முணுமுணுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. பேங்க் மேனேஜர் முத்திரையை மட்டும்தான் பார்த்தார். கடை திறந்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அன்றைக்கு, நீட்டிய பேனாவைப் பார்த்ததும் அந்தம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. அவ்வளவு நேரம் அதட்டிக்கொண்டிருந்தவர் பேனாவை வாங்கத் தயங்கினார். ஈரக் கையைச் சேலையில் ஒருமுறை துடைத்தார், இன்னொருமுறை துடைத்தார். "வெளையாடாதீக" என்றார். கணவர் கையை இறக்கவில்லை.

பேனாவை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தாளின் மேல் குனிந்தவர் மறுபடியும் நிமிர்ந்து, "ஸ்டுடியோ பேரப் போடவா, எம்பேரப் போடவா?" என்று கேட்டார்.

"உம்பேரத்தான்."

அவர் பெயர் என்ன என்று அதுவரை எங்களில் யாரும் கேட்டிருக்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை. இனிஷியலோடு, முழுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுதி முடித்த பிறகும் மை காய்கிறவரை அந்தத் தாளை யார் கையிலும் கொடுக்கவில்லை.